உப்பு குடித்த பேட்டரி

பதினேழு மணி நேரம்.

வண்டி கடலுக்குள் இறங்கியது வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. நாகலெட்சுமி அதை மகளிடம் சொன்னது வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதும் அல்ல. சொந்தத் தெருவில் குப்பை வாங்க வந்திருந்தாள். துர்காதேவி பச்சை வாளியையும் நீல வாளியையும் வாசலுக்குத் தூக்கி வந்தாள். மதுரையில் நேர்முகத் தேர்வு முடித்து, விடிந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கியவள். கண் இன்னும் சிவந்திருந்தது.

வண்டி சீட்டின் ஓரமெல்லாம் ஏன் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று கேட்டாள்.

அம்மா முந்தானையால் அதைத் தேய்த்தாள். "நேத்து கொஞ்சம் கடலுக்குள்ள போயிருச்சு. ஒண்ணுமில்ல. ஒங்கய்யா அலசி வச்சுட்டாக."

"எம்புட்டு கொஞ்சம்?"

"சீட்டு முங்குற மட்டும்."

சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. துர்கா வாளிகளைக் கீழே வைத்தாள்.

ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்தில் கூட்டம் தாங்காது. மிஞ்சுகிறவர்கள் நல்லூரணிப்பட்டினத்துத் துறைக்கு வந்து முழுகுவார்கள். முழுகி எழுந்தவர்கள் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுப் போவது வழக்கம். வேட்டியும் சேலையும் துண்டுமாகக் கரை முழுக்க ஒதுங்கும். அதை அள்ளி ஏற்றுவது பேரூராட்சி வண்டிக்காரர்களின் வேலை.

ஈரத் துணி கல்லைப் போலக் கனக்கும். தூக்கி நடக்கும் தூரத்தைக் குறைக்க, நாகலெட்சுமி வண்டியைத் துறைச் சரிவிலேயே பின்பக்கமாக இறக்கி நிறுத்தியிருந்தாள். கல்லில் பாசி. பின்பாரம் ஏற ஏற வண்டி நகர்ந்திருக்கிறது. அவள் ஓடிப் பிரேக்கைப் பிடித்தபோது வண்டி சீட்டு வரை தண்ணீருக்குள் இருந்தது. முழுகிக்கொண்டிருந்த நான்கு பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்ற நாலு நிமிடம் ஆனது.

சாப்பாடு கொண்டுவந்த அவள் கணவர் தவசி அதைப் பார்த்தார். இருபது வருடம் விசைப்படகில் இன்ஜின் பார்த்தவர். முதுகு போனபின் கரையில் இருக்கிறார். கடலில் விழுந்த எந்தச் சாமானும் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினை அப்படித்தான் காப்பாற்றுவார்கள். டார்ச் லைட்டையும் செல்போனையும்கூட. அவர் பேட்டரியைக் கழற்றிக் குழாயடியில் வைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு சுவர் மேல் இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்தார்.

சாயங்காலம் ஷெட்டில் சார்ஜ் போட்டபோது பச்சை விளக்கு எரிந்தது. நாகலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வண்டிகள் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று சக்கரம், முன்னால் சைக்கிள் ஹேண்டில், பின்னால் நான்கு டப்பா, பாட்டுப் போட ஒரு ஸ்பீக்கர். எட்டு வண்டிகளை ஆண்கள் ஓட்டுகிறார்கள். ஒன்பதாவதை நாகலெட்சுமிக்குக் கொடுக்கச் சொல்லி மேஸ்திரி காஜா நவாஸ் ஒப்பந்தக்காரரிடம் மூன்று நாள் நடந்தார். கொடுத்தார்கள். ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே வண்டி கைமாறும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வண்டி போனால் மறுபடி விளக்குமாறு. அதற்கும் இப்போது ஆள் குறைக்கிறார்கள்.

"அந்த பேட்டரி இப்ப இதுக்குள்ளயாம்மா இருக்கு?"

"இல்ல. இது வேற. கயிறு இல்ல பாரு."

அம்மா சீட்டைத் தூக்கிக் காட்டினாள். முதல் நாள் பூஜை போட்டபோது தன் பேட்டரியின் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். இதில் கயிறு இல்லை. காலையில் ஷெட்டில் இதுதான் இருந்தது, எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்றாள். அவள் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. தொலைந்தது சனியன் என்பது போல.

துர்கா சீட்டை மெல்ல இறக்கி மூடினாள்.

அவள் இயற்பியல் படித்தவள். பேட்டரிப் பெட்டிக்குள் சின்னச் சின்னதாக நிறையச் செல்கள் அடுக்கியிருக்கும் என்று தெரியும். உப்புத் தண்ணீர் இடுக்குகளில் நுழைந்துவிட்டால் வெளியே ஊற்றுகிற நல்ல தண்ணீர் அங்கே எட்டாது. காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். அதன் வழியாக மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும். ஒரு செல் சூடாகும். அது பக்கத்துச் செல்லைச் சூடாக்கும். உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் ஆகலாம், சில நாளும் ஆகலாம். பிறகு ஒரு நிமிடத்தில் எல்லாம் எரியும். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதை வாசலில் நின்று தணிந்த குரலில் அம்மாவிடம் சொன்னாள். உள்ளேயிருந்து தவசி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடலப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார்.

"இன்ஜின்ல உப்பு இருந்தா துருப்பிடிக்கும் அய்யா. இது தீப்பிடிக்கும்."

பச்சை விளக்கு எரிந்ததே என்றார் அவர். உள்ளே உப்பு இருப்பது விளக்குக்குத் தெரியாது என்றாள் துர்கா.  அவர், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம், சத்தமில்லாமல் தேடி எடுத்துவாருங்கள் என்று மட்டும் சொன்னார். வண்டி போய்விட்டால் இந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது.

துர்கா மேஸ்திரிக்குப் பேசப் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தும் முன்பே அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பேட்டரி மாறிவிட்டது, எங்கே என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

காஜா நவாஸ் எங்கோ டீக்கடைச் சத்தத்தில் இருந்தார். என்ன பாப்பா, மதுரையில வேலை கெடச்சிருச்சா என்றார்.  துர்காவுக்கு எப்போதும் ஒரு பழக்கம். பேச வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வேறு எதையோ பேசுவாள். அம்மாவின் பேட்டரி மாறிவிட்டது, கயிறு கட்டினது, எங்கே இருக்கும் என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "ஒம்பதும் ஒரு தாய் பிள்ளைகதான் பாப்பா. எதுல ஓட்டுனா என்ன? கயிறு வேணும்னா அம்மாவ வேற கயிறு கட்டச் சொல்லு."

போனை வைத்துவிட்டார்.

குப்பை எடுக்காமல் பாதியில் வண்டியைத் திருப்பினால் நாலு வீட்டிலிருந்து புகார் போகும். அதனால் அம்மா வேலையை முடித்துத்தான் ஷெட்டுக்குப் போனாள். துர்கா டப்பாவின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு கூடவே போனாள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஸ்பீக்கர் பாடிக்கொண்டே வந்தது. வாசல்களில் பெண்கள், மகளுக்கும் வண்டி பழக்குறியா லெட்சுமி, டிகிரி படிச்ச டிரைவர் கெடைக்காதுல்ல என்று கேலி பேசினார்கள். அம்மா சிரித்தாள். துர்கா ஒவ்வொரு தெருவிலும் காற்றை மோந்துகொண்டு வந்தாள். ஓரிடத்தில் புகை எழுந்தது. அவள் வண்டியிலிருந்து குதித்து ஓடினாள். ஒரு பெரியவர் தென்னை மட்டையைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்கு ஷெட். துர்கா எண்ணினாள். வண்டிகளில் இருந்ததும் தரையில் இருந்ததுமாக எட்டு பேட்டரி. எதிலும் கயிறு இல்லை.

ஷெட்டில் பிளக் பாயின்ட் ஐந்துதான். இரவு எட்டு மணிக்குக் காவலாளி மெயினை அணைத்துப் பூட்டிவிடுவார். முழுதாக ஏறாத பேட்டரியை அன்றைய முறைக்காரர் வீட்டுக்குத் தூக்கிப்போய் ஏற்றி வர வேண்டும். கைப்பிடி இருக்கிறது, ஒரு சின்னக் குடத்துக் கனம். சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வேறு வழியும் இல்லை. எந்த பேட்டரி எந்த வண்டிக்கு என்ற கணக்கு முதல் மாதத்திலேயே போய்விட்டது.

காவலாளி மஹ்மூது காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நேற்று முறை யாருடையது என்று அம்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"சேதுபதி முறை. ஒண்ணு ஏறவே மாட்டேங்குதுன்னு தூக்கிட்டுப் போனான்." அவர் காதைக் குடைந்தார். "கையில பிடிக்க முடியல, சுடுதுங்குறான். நான்தான் என் துண்டக் குடுத்தேன், சுத்தித் தூக்கிட்டுப் போடான்னு. துண்டு இன்னும் வரல."

அம்மா துர்காவைப் பார்க்கவில்லை. துர்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். துண்டு சுற்றி. சூட்டோடு. துணிக்குள்.

சேதுபதிக்கு இன்று லீவு. மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று குடும்பத்தோடு திருவாடானை போயிருக்கிறான். போன் அடித்துப் பார்த்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண்குரல் சொன்னது. துர்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடித்தாள். அதே குரல் அதே பொறுமையோடு சொன்னது.

அவன் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் பொந்தில் துர்கா மூக்கை வைத்துப் பார்த்தாள். அடைபட்ட வீட்டின் வாடைதான் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இங்கன மூணு நாளா கரண்டு இல்ல, பியூஸ் போயிருச்சு என்றாள். அப்படியானால் பேட்டரிக்கு எங்கே சார்ஜ் போடுவான் என்று அம்மா கேட்டாள்.

"பள்ளிவாசல் தெருவுலதான். அவன் குப்பை எடுக்குற தெரு. ஏதோ ஒரு வீட்டுல சொருகி வச்சுட்டு வருவான். எந்த வீடுன்னு தெரியாது." அவள் முறத்தை நிறுத்தினாள். "என்ன, அவசரமா?"

துர்கா வாயைத் திறந்தாள்.

"அவசரமெல்லாம் இல்லத்தா," என்றாள் அம்மா. "சும்மாதான் கேட்டேன்."

திரும்பி நடக்கும்போது துர்காவின் போன் அதிர்ந்தது. சேதுபதி என்று நினைத்துப் பதறி எடுத்தாள். மதுரை எண். நேற்றுப் பார்த்த அலுவலகமாக இருக்கலாம். அவள் அதை அணைத்துவிட்டாள். லைனில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

பள்ளிவாசல் தெருவில் நாற்பது வீடு. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. ஜும்மா நேரம். ஆண்கள் வெள்ளைச் சட்டையில் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி ஆண்கள் எப்படியும் ஊரில் இல்லை, சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீடுகளில் பெண்களும் வயதானவர்களும் குழந்தைகளும்தான்.

தெருமுனையில் அம்மா ஸ்பீக்கரை அணைத்தாள். தொழுகை நேரத்தில் இந்தத் தெருவில் வண்டிப் பாட்டுக் கூடாது. யாரும் சொல்லி வைத்ததில்லை, எல்லா வண்டிக்காரர்களும் அணைத்துவிடுவார்கள்.

முதல் மாதம் இந்தத் தெரு அவளுடையதாக இருந்தது. குப்பையைப் பார்த்தால் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். நடந்துகொண்டே முணுமுணுத்தாள். இந்த வீட்டில் மாத்திரை அட்டை நிறைய வரும், மூச்சுத்திணறல்காரர். இங்கே ஒரு அம்மா படுக்கையில் கிடக்கிறார். ஹமீதா பானு வீட்டில் மகள் இஃப்ரா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். அந்த வீட்டுக் குப்பையில் பிள்ளைத் துணி வருவதைச் சேதுபதிதான் ஷெட்டில் சொன்னது.

"போதும்மா," என்றாள் துர்கா.

கதவுகளைத் தட்டினார்கள். அம்மாதான் கேட்டாள். சேதுபதி நேற்று இங்கே ஒரு பேட்டரி வைத்தானா?

இல்லை என்றார்கள். அடுத்த வீட்டில் இல்லவே இல்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, சேதுபதியா, அவன் இங்கிட்டு வந்தே ஒரு வாரமாச்சு என்றாள். அவள் வாசலில் நேற்றைய வாளி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

ஏழாவது வீடு ஹமீதா பானுவுடையது. அவரே வந்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற துர்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுடிதார், தோள்பை, கையில் போன், போனில் வீட்டு எண்களைக் குறித்துக்கொண்டே வரும் ஒரு பெண்.

"பேட்டரியா? அதெல்லாம் இங்க ஏதும்மா," என்றார். கதவு மூடியது. உள்ளே குழந்தை சிணுங்கிற்று.

பதினோரு வீடுகள். எல்லாரும் இல்லை என்றார்கள். துர்கா தெருவின் நடுவில் நின்று யோசித்தாள். இத்தனை பேருக்கும் கேள்வி முடியும் முன்பே பதில் தெரிந்திருக்கிறது.

"பொய் சொல்றாகம்மா."

அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. போன மாதம் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் கையில் ஃபைலோடு தெருத்தெருவாக வந்து, வண்டிக்காரர்கள் வீடுகளில் சார்ஜ் போடுகிறார்களா என்று விசாரித்தார். யாரோ வெள்ளந்தியாக ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் இரண்டு பேருக்கு வேலை இல்லை. சேதுபதி இந்தத் தெருவுக்குப் பிடித்தவன். சிலிண்டர் தூக்கிக் கொடுப்பான், கிழவர்களுக்கு மாத்திரை வாங்கி வருவான். அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

காரணத்தைச் சொல்லாமல் கேட்டால் இந்தத் தெருவில் எந்தக் கதவும் திறக்காது.

"சொல்லிருவோம்மா," என்றாள் துர்கா.

"யாருகிட்ட? ஒரு வீட்டுல சொன்னா ஒம்பது வீட்டுக்குப் போகும். சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்குப் போகும்." அம்மா ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. "இந்த வண்டிய ஓட்ட நான் பட்டது ஒனக்குத் தெரியுமில்ல? விழுந்து, முட்டி பேந்து, இவனுகல்லாம் கைகொட்டிச் சிரிச்சு. ஒரு மூணு மாசந்தான் நான் நிமிந்து நடந்திருக்கேன்."

துர்காவுக்குத் தெரியும். ஆனாலும் எண்களை மட்டும் அவளால் நினைக்க முடிந்தது. வண்டி முங்கி இருபத்திரண்டு மணி நாற்பது நிமிடம்.

தெருமுனையில் தவசி வந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கை. முதுகு போனபின் இவ்வளவு தூரம் அவர் நடந்து துர்கா பார்த்ததில்லை. முகத்தில் வேர்வை வழிந்தது. வண்டியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். கெடச்சுதா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா.

அவர் முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

"நேத்து சுவத்துல இருந்து எறக்குறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றார். "உள்ள தண்ணி ஆடுன சத்தம். எளநிய ஆட்டுனா கேக்கும்ல, அது மாதிரி."

அம்மா அவரையே பார்த்தாள்.

"காஞ்சிரும்னு நெனச்சேன். ஒங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்குவ, சார்ஜ் போட மாட்ட, காலையில வண்டி எடுக்க முடியாது, கேப்பாங்க. அதான் சொல்லல." அவர் வண்டியை விட்டுக் கையை எடுத்தார். "காலையில பாப்பா சொன்னப்பவே தெரிஞ்சுச்சு. அப்பவும் சொல்லல."

 பள்ளிவாசலிலிருந்து இமாமின் குரல் கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் மீன் வறுத்தார்கள். துர்கா அந்த வாடையைப் பிரித்துப் பிரித்து மோந்தாள். எண்ணெய், மிளகாய், மீன். அதற்கும் அடியில் வேறு ஏதோ. லேசாகத் தித்திப்பான, மருந்து போன்ற ஒரு வாடை, பேட்டரி கசிந்தால் வரும் என்று அவள் படித்தது. இருந்ததா, பயத்தில் அப்படித் தோன்றியதா, அவளுக்குத் தெரியவில்லை. காற்று திரும்பியது. வாடை இல்லை.

"அம்மா," என்றாள்.

அவள் குரலிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு சின்ன மைக் சுருட்டி வைத்திருந்தது. டெங்கு அறிவிப்புக்கு என்று கொடுத்தது. மேஸ்திரி மட்டும்தான் அதில் பேசுவார். தன் குரல் பெரிதாகக் கேட்கும் என்று அம்மா அதைத் தொட்டதே இல்லை. துர்கா எட்டி அதை எடுத்தாள்.  என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது முறை சொல்வதற்குள் அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ குடு. நான் எறக்குன வண்டி."

தவசி பள்ளிவாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொழுகை இன்னும் முடியவில்லை. முடியட்டுமா என்று கேட்பவர் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

ஸ்விட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் கீச்சிட்டது. பிறகு அம்மாவின் மூச்சு தெரு முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. தொழுகை நேரம். நான் நாகலெட்சுமி. ஒம்பதாம் நம்பர் குப்பை வண்டி."

ஒரு மாடி ஜன்னலில் திரை அசைந்தது. கதவுகள் அசையவில்லை.

"சேதுபதி நேத்து இந்தத் தெருவுல ஒரு பேட்டரி வச்சிருக்கான். மஞ்சக் கயிறு கட்டுனது. துண்டு சுத்துனது. அது யாரு வீட்டுல இருந்தாலும் கிட்டப் போகாதீக, தொடாதீக. மெயின் சுவிச்சு தூரமா இருந்தா அத மட்டும் அமத்துங்க. பிள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. நடக்க முடியாதவுகளுக்கு நாங்க வந்து தூக்குறோம்."

அவள் நிறுத்தினாள். தெரு அப்படியே இருந்தது. ஏழாவது வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது கீழிடுக்கில் நிழலாகத் தெரிந்தது. நிழல் நகரவில்லை. இதுவும் சேதுபதியைப் பிடிக்க ஒரு வழி என்று நினைக்கிறார்கள். துர்காவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"சேதுபதி மேல எந்தத் தப்பும் இல்ல. அவனுக்கு எதுவும் தெரியாது. நேத்து மத்தியானம் என் வண்டி கடல்ல முங்கிருச்சு. பேட்டரிக்குள்ள உப்புத்தண்ணி இருக்கு, அது தீப்பிடிக்கும். எனக்குத் தெரிஞ்சும் காலையில இருந்து நான் யாருகிட்டயும் சொல்லல."